2000 ஏ.டி.: தொகுப்பு நூல் மட்டும் போதாது, வார இதழாகப் படியுங்கள்

கேள்வி இதுதான்: "வாராவாரம் வரும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவு காமிக்ஸ் 2000 ஏ.டி.யைத் தொடர்ந்து வாசிப்பவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன? ஜட்ஜ் ட்ரெட்டைத் தவிர அதில் வேறு ஏதாவது இருக்கிறதா? நல்ல கதைகளெல்லாம் தொகுப்பு நூலாகவே கிடைக்கும்போது வார இதழை எதற்கு வாங்க வேண்டும்?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. தொகுப்பு நூல்கள் அருமையானவை. என்னிடமும் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனாலும் 2000 ஏ.டி.யின் உயிர் அது வார இதழாக இருப்பதில்தான் இருக்கிறது. 32 பக்கம், வழக்கமாக ஐந்து கதைகள். தெருவிலேயே தீர்ப்பு சொல்லும் எதிர்காலப் போலீஸ்காரரான ஜட்ஜ் ட்ரெட்டுக்கு ஆறு பக்கம், மற்றவற்றுக்கு ஐந்தைந்து பக்கம். இந்த அளவும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கதைகள் ஒரே அட்டைக்குள் தோளோடு தோள் உரசி நிற்பதும், வாரம் தவறாமல் நாட்காட்டியோடு சேர்ந்து ஓடுவதும்தான் இந்தக் கதைகளை இப்படி ஆக்கின. தனியாகப் பிரித்தெடுத்து பைண்டு செய்த புத்தகத்தில் அந்தச் சூழல் இருக்காது.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். முதல் இதழ் 1977 பிப்ரவரி 26 தேதியிட்டு வந்தது. விலை 8 பென்ஸ். வெளியிட்டது லண்டனின் ஐ.பி.சி. நிறுவனம். நம்மூர் வாசகர்களுக்கு இந்த நிறுவனம் அந்நியமே இல்லை. முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதே, அந்த மாயாவியும், பிறகு லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடரும் இதே ஃப்ளீட்வே–ஐ.பி.சி. வட்டாரத்தின் வார இதழ்களில் பிறந்தவர்கள்தாம். இன்று 2000 ஏ.டி.யை நடத்தும் ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனமான ரெபெல்லியன், அந்தப் பழைய கருவூலத்தையும் வாங்கி மாயாவியை மறுபதிப்பு செய்திருக்கிறது. நாம் சின்ன வயதில் படித்த கதைகளும் ஜட்ஜ் ட்ரெட்டும் இப்போது ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

இதழ் பிறந்த சூழலையும் சொல்ல வேண்டும். ஐ.பி.சி. 1976-ல் 'ஆக்‌ஷன்' என்றொரு வார இதழ் நடத்தியது. வன்முறை மிகுதி என்று பத்திரிகைகளும் பெற்றோர்களும் கொதித்தெழ, அக்டோபரில் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். மீண்டும் வந்தபோது பல் பிடுங்கப்பட்டிருந்தது. அதை உருவாக்கிய பாட் மில்ஸ்தான் 2000 ஏ.டி.யையும் உருவாக்கினார். அறிவியல் புனைவுப் படங்கள் வரிசையாக வரப்போகின்றன என்ற நாளிதழ்க் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்த வகையில் ஒரு காமிக்ஸ் தொடங்கலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதியவர் அங்கே வேலை பார்த்த கெல்வின் கோஸ்னெல். நிகழ்காலத்தில் சொல்ல விடாததை எதிர்காலத்தில் வைத்துச் சொல்லிவிடலாம் என்பதைப் பாட் மில்ஸும் அவரோடு இருந்த ஜான் வாக்னரும் சட்டெனப் பிடித்துக்கொண்டார்கள். ஆக்‌ஷனின் கோபம் அப்படியே வேற்றுக்கிரக உடை போட்டுக்கொண்டு வந்தது. பெயரைப் பாருங்கள்: 2000-ஆம் ஆண்டு வரை இந்த இதழ் தாங்கும் என்று அன்று யாரும் நினைக்கவில்லை. 2016-ல் 2000-ஆவது இதழே வந்துவிட்டது.

இதழின் ஆசிரியர் தார்க் என்ற பச்சை நிற வேற்றுக்கிரகவாசி, எழுத்தாளர்களும் ஓவியர்களும் அவரிடம் வேலை பார்க்கும் ரோபோக்கள், ஒவ்வொரு இதழும் ஒரு 'ப்ராக்' என்பதெல்லாம் சிறுவர்களுக்கான வேடிக்கை. ஆனால் அந்த வேடிக்கைக்குள் ஒரு முக்கியமான காரியம் நடந்தது. அதுவரை பிரிட்டிஷ் வார காமிக்ஸில் யார் எழுதினார், யார் வரைந்தார் என்று போடும் வழக்கம் இல்லை. ஓவியர் ஓரத்தில் கையெழுத்துப் போட்டால் வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். ஓவியப் பிரிவில் இருந்த கெவின் ஓநீல், 'இந்த ரோபோ எழுதியது, இந்த ரோபோ வரைந்தது' என்று கதைக்கு ஒரு சிறு பெயர் அட்டையை நுழைத்தார். பெயர் தெரிந்ததும் வாசகர்கள் ஓவியர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். இந்த இதழின் வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் செயல் அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல கதைகள் ஒன்றாக வருவதால் மட்டுமே சாத்தியமான ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பது ஆண்டு தாண்டிய கதை என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1989-ன் கடைசியில் 'தி டெட் மேன்' என்று ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தது. எழுதியவர் கீஃப் ரிப்லி, ஓவியம் ஜான் ரிட்ஜ்வே. பாலைவனத்தில் ஒரு சிற்றூர். உடம்பெல்லாம் வெந்து கருகிய ஒரு மனிதனை யாசா என்ற சிறுவன் கண்டெடுக்கிறான். உயிர் பிழைத்தவனுக்குத் தான் யார் என்பதே நினைவில்லை. தன்னை இப்படி ஆக்கியது எது என்று அறிய, வந்த தடத்திலேயே திரும்பி நடக்கிறான். சிறுவன் துணைக்குப் போகிறான். நிதானமாக நகரும், வயிற்றைக் கலக்கும் திகில் கதை. இதே வாரங்களில் இதழின் முன்பக்கங்களில் ஜட்ஜ் ட்ரெட் வழக்கம்போலத் தன் கதைகளில் வந்துகொண்டிருந்தார். வாசகர் ட்ரெட்டைப் படித்து முடித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டி, வேறு உலகம் என்று நினைத்து இந்தக் கதைக்குள் போவார். கடைசியில்தான் தெரிந்தது, அந்தக் கருகிய மனிதன் ட்ரெட்டேதான். கீஃப் ரிப்லி என்பதும் ட்ரெட்டை எழுதிவந்த ஜான் வாக்னரின் புனைபெயர். உடனே அடுத்து, தன் சட்டத்தின் மீதே நம்பிக்கை ஆட்டம் கண்டு ட்ரெட் பதவி விலகிப் பாலைவனத்துக்கு நடந்த கதை வந்தது. விளைவை முதலில் காட்டிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொன்னார்கள்.

இப்போது அதையே தொகுப்பாக வாங்கினால், அட்டையிலேயே 'ஜட்ஜ் ட்ரெட்' என்று இருக்கும். பல மாதம் ஒளித்து வைத்த ரகசியம் கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்த நொடியிலேயே போய்விடுகிறது. 2012-ல் இன்னொரு முறை இப்படிச் செய்தார்கள். ஆல் யூயிங், சைமன் ஸ்பரியர், ராப் வில்லியம்ஸ் மூவரும் தனித்தனியாக எழுதிய மூன்று தொடர்கள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஒரே இதழுக்குள் ஒன்றோடொன்று முட்டி ஒரே கதையாக மாறின. வாரப் பத்திரிகையின் உள்ளமைப்பையே கதையின் திருப்பமாக ஆக்கிய அந்த வாரத்தின் பரவசத்தை எந்தத் தொகுப்பும் தரப் போவதில்லை.

அடுத்தது காலம். ஜட்ஜ் ட்ரெட் இரண்டாம் இதழில் அறிமுகமானார், கதை நடப்பது 2099-ல். நமக்கு ஓராண்டு போனால் அவருக்கும் ஓராண்டு போகும். அமெரிக்க சூப்பர் ஹீரோக்களைப் போல என்றும் முப்பது வயதிலேயே நிற்பவர் இல்லை. கூட இருந்தவர்கள் கிழவர்களாகி விட்டார்கள், பலர் செத்தும் போனார்கள். இதை வெறும் வித்தையாக வைத்துக்கொள்ளாமல் வாக்னர் என்ன செய்தார் என்று பாருங்கள்.

1982-ல் 'அபோகலிப்ஸ் வார்'. சோவியத் நகரமான ஈஸ்ட்-மெக் ஒன் அணுகுண்டுகளால் ட்ரெட்டின் ஊரான மெகாசிட்டி ஒன்னின் பாதியை அழித்துவிடுகிறது. கிட்டத்தட்ட அரையாண்டு ஓடிய அந்தத் தொடர் முழுவதையும் கார்லோஸ் எஸ்கெர்ரா ஒருவரே வரைந்தார். கடைசியில் ட்ரெட் ஒரு சிறு குழுவோடு எதிரியின் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றுகிறார். பிடிபட்ட எதிரி கெஞ்சுகிறான்: என் ஊரில் 50 கோடிப் பேர் இருக்கிறார்கள், அத்தனை உயிரையும் ஒரு பொத்தானை அழுத்தி அழித்துவிட முடியாது என்று. முடியாதா என்று இரண்டே சொல்லில் கேட்டுவிட்டு ட்ரெட் அழுத்துகிறார். சிறுவர் காமிக்ஸின் நாயகன் ஒரு முழு நகரத்தையும் கொல்கிறான். கொண்டாட்டமாகப் படித்த பையன்களும் இருந்திருப்பார்கள். ஆனால் கதை அதை மறக்கவில்லை. 2011-ல் தொடங்கிய 'டே ஆஃப் கேயாஸ்' தொடரில், அந்த நகரத்திலிருந்து தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு நோய்க்கிருமியோடு வந்து மெகாசிட்டி ஒன்னைச் சுடுகாடாக்குகிறார்கள். பொத்தானை அழுத்தியதற்கான கணக்கு, ட்ரெட்டுக்கும் வாசகருக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. வாசகரின் வயதையே கதையின் எடையாக மாற்றிய வேறொரு சித்திரக்கதையை நான் படித்ததில்லை.

இதே நூலில் கோர்த்த இன்னொரு முத்து 'அமெரிக்கா'. இது வார இதழில் வந்ததல்ல. 1990-ல் தொடங்கிய துணை இதழான ஜட்ஜ் ட்ரெட் மெகசீனில் வந்தது. வாக்னர் எழுத, காலின் மக்நீல் வண்ணம் தீட்டியது. புலம்பெயர்ந்து வந்த பெற்றோர் ஆசையோடு அமெரிக்கா என்று பெயர் வைத்த பெண், மக்களாட்சி கேட்டுப் போராடி, ஜட்ஜுகளின் துப்பாக்கிக்கு இரையாகிறாள். அதில் ட்ரெட் நாயகன் இல்லை, பயங்கரமான ஒரு நிழல். பிற்பாடு அந்தப் பெண்ணின் மகள் வளர்ந்து, தாயைக் கொன்ற அதே ஜட்ஜ் துறையில் சேர்ந்து, ட்ரெட்டின் அருகிலேயே நிற்கிறாள். ட்ரெட்டை 'குற்றவாளிகளை நொறுக்கும் சூப்பர் போலீஸ்' என்று மட்டும் நினைப்பவர்கள் இந்த ஒரு கதையைப் படித்தால் போதும். வாக்கெடுப்பு, நீதிமன்றம், வக்கீல் எதுவும் இல்லாத ஒரு ஊரில், தெருவிலேயே தீர்ப்பு சொல்லும் ஒருவனை ரசிக்க வைத்துவிட்டு, எதை ரசித்தாய் என்று நம்மிடமே கேட்கும் கதை அது.

ட்ரெட்டைத் தவிர என்ன இருக்கிறது என்றால், எனக்கு முதலிடம் ஹாலோ ஜோன்ஸுக்குத்தான். ஆலன் மூர் எழுத்து, இயன் கிப்சன் ஓவியம், 1984 முதல் 1986 வரை மூன்று பாகங்கள். ஐம்பதாம் நூற்றாண்டு. வேலையில்லாதவர்களை அடைத்துவைக்கக் கடலில் மிதக்கவிட்ட ஒரு சேரியில் வாழும் சாதாரணப் பெண் ஹாலோ. அவளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, எந்த லட்சியமும் கிடையாது. இங்கிருந்து வெளியே போக வேண்டும் என்ற ஒரே ஆசைதான். முதல் பாகத்தில் நடப்பது என்னவென்று கேட்டால், சாமான் வாங்கக் கடைக்குப் போய் வருவதுதான். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டிய கடை. அவர்கள் பேசும் பாஷைக்கும் அந்த ஊர் வழக்கங்களுக்கும் எந்த விளக்கமும் தராமல் மூர் நம்மைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறார். துப்பாக்கிச் சண்டைக்குப் பழகிய அன்றைய வாசகர்கள் அந்தப் பாகத்துக்குப் பெரிய வரவேற்பு தரவில்லை.

இரண்டாம் பாகத்தில் ஐந்தே பக்கத்தில் ஓர் அத்தியாயம் வருகிறது. ஹாலோவோடு விண்கப்பலில் ஒரே அறையில் தங்கும் க்ளிஃப் என்பவரைப் பற்றியது. ஆணாகவும் பெண்ணாகவும் மாறி மாறி, தான் யார் என்பதே அழிந்துபோய், பக்கத்தில் நின்றாலும் யார் கண்ணிலும் படாதவராகிவிட்டவர் க்ளிஃப். தன் கதையை நம்மிடம் மட்டும் சொல்கிறார். அறையில் ஹாலோவும் அவள் தோழியும் பேசிச் சிரிக்கிறார்கள். கட்டத்தின் ஓரத்தில் க்ளிஃப் நிற்கிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறகு அவர்களைக் காப்பாற்றத் தன் உயிரையே கொடுக்கிறார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. கிப்சன் அந்த முகத்தை எந்தச் சிறப்பும் இல்லாமல் வரைந்திருக்கும் விதம் இருக்கிறதே, முதல் வாசிப்பில் நாமே முந்தைய அத்தியாயங்களில் அந்த முகத்தைத் தவறவிட்டிருப்போம். மூன்றாம் பாகத்தில் ஈர்ப்பு விசை மிக அதிகமான ஒரு கிரகத்தில் போர். உள்ளே சில நிமிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தால் மாதங்கள் ஓடியிருக்கும். போர் ஒரு மனுஷியின் வாழ்நாளை எப்படித் தின்கிறது என்பதை இயற்பியலை வைத்தே சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் இல்லை. ஒன்பது பாகங்களாகத் திட்டமிட்ட கதை, படைப்புரிமை தகராறில் மூன்றோடு நின்றது. மூர், கிப்சன் கையில் உரிமை இல்லை. கிடைக்காத வரை எழுத மாட்டேன் என்று மூர் ஒதுங்கினார். கிப்சன் 2023 இறுதியில் மறைந்துவிட்டார். பெயரைப் போட்டு மரியாதை கொடுத்த அதே இதழ் உரிமையைக் கொடுக்கவில்லை என்பது இன்றும் எனக்கு ஆறாத வருத்தம். எண்பதுகளின் பிற்பாதியில் நல்ல கைகள் ஒவ்வொன்றாக அமெரிக்காவுக்குப் போனதற்குக் காசு ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

குறைகள் வேறும் உண்டு. தொண்ணூறுகளின் முற்பாதி இதழ்களைப் புதியவர் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வண்ணம் வந்தது, பல பக்கங்கள் சேறு பூசியதுபோல ஆயின. சைமன் பிஸ்லி 'ஸ்லேன்: தி ஹார்ன்ட் காட்' தொடரில் எண்ணெய் ஓவியம் போலத் தீட்டியதைப் பார்த்து, அந்தக் கை இல்லாத பலர் அதே பாணியில் இறங்கிய விளைவு அது. 1993 கோடையில் வந்த 'பிக் டேவ்' அதிர்ச்சிக்காகவே எழுதப்பட்ட, எனக்குச் சகிக்காத சரக்கு. இன்னொன்று, முடிக்கத் தெரியாத தொடர்கள். 'நிகோலாய் டான்டே' 1997-ல் தொடங்கி 2012-ல் கச்சிதமாக முடிந்தது. நாயகன் பொறுக்கியாக வந்து மனிதனாகிப் போனான். எல்லாத் தொடருக்கும் அந்தத் துணிவு இல்லை. சில தொடர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகும் பல ஆண்டு ஓடிக்கொண்டே இருக்கும். பெண்கள் எழுதுவதும் வரைவதும் பல பத்தாண்டுகள் மிகக் குறைவாக இருந்தது; இப்போதுதான் மெல்ல மாறுகிறது.

'ஃபியூச்சர் ஷாக்' எனும் ஒற்றைக் கதைகளைப் பற்றி வாசகர்களிடையே எப்போதும் சண்டைதான். நான்கைந்து பக்கத்தில் ஓர் உலகம், கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பம். பாதிக்குப் பாதி சுமார் என்பது உண்மை. ஆனாலும் இதை நிறுத்தச் சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஆலன் மூர், நீல் கெய்மன், கிராண்ட் மாரிசன் எல்லோரும் இந்தச் சின்னக் களத்தில் எழுதிப் பழகியவர்கள். புதியவர் ஒருவர் தவறு செய்யவும் ஓர் இடம் வேண்டும். மீதி நான்கு கதைகள் தாங்கிப் பிடிக்கும்போது அந்த ஐந்து பக்கத்தால் இதழ் கவிழ்ந்துவிடாது. தனிப் புத்தகமாகப் போட்டால் யாரும் காசு கொடுக்காத ஆளுக்கு வார இதழ் வாய்ப்புக் கொடுக்கும். சிறுவர்களுக்கென்று அவ்வப்போது வந்த 'ரீஜென்ட்' சிறப்பிதழ்களைப் பழைய வாசகர்கள் பலர் திட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் மட்டுமே படிக்கும் காமிக்ஸுக்கு எதிர்காலம் எங்கே?

ஓவியத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ட்ரெட்டின் தோற்றத்தை வடிவமைத்தவர் ஸ்பெயின்காரரான எஸ்கெர்ரா. அச்சான முதல் கதையை வரைந்ததோ அப்போது இளைஞராக இருந்த மைக் மக்மான். பிறகு பிரையன் போலண்ட். ஒரே ஹெல்மெட், ஒரே தாடை. எஸ்கெர்ராவிடம் தடித்து நெளியும் கோடு. மக்மானிடம் ராட்சதப் பூட்ஸும் ஒடிசலான உடம்பும். போலண்டிடம் செதுக்கி வைத்தது போன்ற துல்லியம். 1981-ல் போலண்ட் வரைந்த கதையில் ஜட்ஜ் ஃபியர் என்ற பிசாசு, தன் முகமூடியைத் திறந்து பயத்தின் முகத்தைப் பார் என்கிறது. பார்த்தவர்கள் செத்து விழுவார்கள். ட்ரெட் பார்க்கிறார், விடுகிறார் ஒரு குத்து. முஷ்டி மண்டையின் மறுபக்கம் வெளியே வந்து நிற்கிறது. ஒரே கட்டம். வேகத்தைக் காட்டும் கோடுகள்கூட அதிகம் இல்லை. மலிவான நியூஸ்பிரிண்டில் கறுப்பு மையில் அச்சான அந்தப் படத்தை, பளபளக்கும் தாளில் வண்ணம் ஏற்றிப் போட்ட பதிப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பழையதுதான் நிற்கும்.

இப்போது வருவதில் எது நல்லது என்று கேட்டால், தயங்காமல் 'பிரிங்க்'. டான் ஆப்னெட் எழுத்து, ஐ.என்.ஜே. கல்பார்டு ஓவியம், 2016-ல் தொடங்கியது. பூமியைக் கைவிட்டு வந்த மனிதர்கள் விண்வெளிக் குடியிருப்புகளில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். பிரிட்ஜெட் கர்டிஸ் என்ற போலீஸ்காரி ரகசிய வழிபாட்டுக் கும்பல்களைத் துப்பறிகிறார். பேய் வருமா வருமா என்று பயந்துகொண்டே இருப்போம், அநேகமாக வராது. ஆட்கள் சும்மா உட்கார்ந்து பேசும் ஐந்து பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் அந்த நெருக்கடியிலேயே கிடப்பது இந்தக் கதைக்கு மிகவும் பொருந்துகிறது. மொத்தமாகப் படித்தால் அந்தப் பயம் சீக்கிரம் கரைந்துவிடும்.

எப்படித் தொடங்கலாம்? நடுவில் எந்த வாரம் வாங்கினாலும் முதலில் தலை கால் புரியாது. ஆண்டுக்குச் சில முறை எல்லாக் கதைகளும் புதிதாகத் தொடங்கும் இதழ் ஒன்றை வெளியிடுவார்கள், அட்டையிலேயே அறிவித்துவிடுவார்கள். அதிலிருந்து ஆரம்பித்து, ஒரு கதை முடியும் வரையாவது வாரத்துக்கு ஒன்றாகப் படியுங்கள். அச்சுப் பிரதியை இங்கே தருவிப்பது செலவு. டிஜிட்டல் பிரதியை ரெபெல்லியன் நேரடியாகவே விற்கிறது, பூட்டு எதுவும் போடாத கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஐந்தில் இரண்டு கதைகள் பிடிக்காமல் போகும். அவற்றையும் தாண்டாமல் படியுங்கள், ஏனென்றால் அடுத்த கீஃப் ரிப்லி எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை. பழையதற்குத் தொகுப்புகளைத் தவிர வழியில்லை. அதில் முதலில் 'அமெரிக்கா', அடுத்து ஹாலோ ஜோன்ஸ், பிறகு அபோகலிப்ஸ் வார் வரும் 'கேஸ் ஃபைல்ஸ்' (ட்ரெட் கதைகளின் தொகுப்பு வரிசை) ஐந்தாம் தொகுதி. அவற்றில் அத்தியாயங்கள் பிரியும் இடம் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி, அடுத்ததை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.